இந்தக் காலாண்டில் பூஜ்யம்

மாவட்டக் கூட்டத்தில் கை தட்டினார்கள்.
மண்டபம் வட்டாரத்தில் மூன்று மாதமாகத்
தாய் மரணம் இல்லை.
சமோசா வந்தது. டீயில் ஏலக்காய் போட்டிருந்தார்கள்.
நானும் தட்டினேன்.
நம்புலட்சுமி சாகவில்லை என்பது உண்மைதானே.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிறவள்.
பத்து விரலிலும் துணி சுற்றி
செருப்பைக் கயிற்றால் காலோடு கட்டி
தீவோரப் பாறை தடவி
மரிக்கொழுந்துப் பாசி பிய்த்து வருவாள்.
எவ்வளவு நேரம் மூச்சடக்குவாய் என்று ஒருமுறை கேட்டேன்.
"பை நெறையிற வரைக்கும்."

மாசியில் அவள் புருஷனைப் படகோடு பிடித்துப் போனார்கள்.
பங்குனியில் நாள் தள்ளியது.
மூன்று பிள்ளைகள், தவணை முடியாத வலை.
நான்தான் போனேன், சோதனைக் குச்சியோடு.
இரண்டு கோடு.
என் பதிவேட்டில் முப்பத்தாறு கேள்விகள்:
வயது, உயரம், ரத்த வகை,
ரேஷன் அட்டை, கழிப்பறை உண்டா, கொசுவலை உண்டா.
வேண்டுமா என்று ஒரு கேள்வி இல்லை.
நானும் கேட்கவில்லை.
பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் எண் கொடுத்தேன்.
அந்த மாத இலக்கில் எனக்கு ஒன்று குறைந்தது.

எண் விழுந்துவிட்டால் கரு அரசாங்கக் கணக்கு.
ராமநாதபுரத்தில் முதல் தடவை: "புருஷன் கையெழுத்து."
அவன் யாழ்ப்பாணத்தில், கம்பிக்குள்.
(அவள் கையெழுத்தே போதும் என்பதுதான் சட்டம்.
எனக்குப் பயிற்சியில் சொன்னார்கள்.
அந்த மேசையில் இருந்தவருக்கும் சொல்லியிருப்பார்கள்.)
இரண்டாம் தடவை: டாக்டர் லீவு.
மூன்றாம் தடவை:
"கலைக்கணும்னா குடும்பக்கட்டுப்பாடும் சேத்துப் பண்ணிக்கணும். சம்மதமா?"
சம்மதம் என்றாள்.
"அப்ப புருஷனோட வா."
தடவைக்கு ஒரு நாள் கடல் போனது,
பஸ் காசு போனது.
வயிறு மட்டும் லீவு எடுக்கவில்லை.

மருந்துக்கடையில் அந்த மாத்திரை வைப்பதில்லை.
ரெய்டு வரும்மா என்றாராம் கடைக்காரர்,
தலைவலித் தைலத்தை அடுக்கிக்கொண்டே.

பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
தங்கச்சிமடம் பக்கம் ஒரு வீடு,
ஓர் எருக்கங்குச்சி,
இரண்டாயிரம் ரூபாய்.

ஐந்தாம் நாள் ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன்.
உடம்பு கொதித்தது. விரிப்பெல்லாம் நனைந்து நாறியது.
பாம்பன் பாலத்தில் வண்டி மெதுவானபோது
கீழே தண்ணீர் வடிந்து பாறை தெரிந்தது.
கண்ணைத் திறக்காமல்,
காற்றை வைத்தே கணித்தாளோ என்னவோ,
பல் தந்தியடிக்கச் சொன்னாள்:
"இன்னைக்கு நல்ல வத்தம்க்கா."

மதுரையில் பதினேழு நாள்.
நாலு பாட்டில் ரத்தம்.
கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

மரணத்துக்குக் கட்டம் உண்டு, பிரசவத்துக்கு உண்டு,
செத்துப் பிறந்ததற்கும் உண்டு.
பிழைத்து வந்தவள் முங்க முடியாமல்
கரையில் உட்கார்ந்து அடுத்தவள் பாசியைக் காயப்போடுவதற்கு
ஒன்பதாம் வகுப்போடு நின்ற முத்துப்பிரியா
அம்மாவின் துணிநாடாவை விரலில் சுற்றுவதற்கு
அந்த வீட்டுக்குப் போய்
யாரிடமும் சொல்லாமல் இடுப்பு வலியோடு
திரும்பி வந்த மற்றவர்களுக்கு
எந்தப் பக்கத்திலும் கட்டம் கிடையாது.
பூஜ்யத்தை நான்தான் போட்டேன், நீல மையில்.

நேற்று ஒருத்தி வந்தாள்.
கண்ணாடி அழுத்திய வளையம்
இரண்டு கண்ணைச் சுற்றியும் இன்னும் மாறவில்லை.
ஐம்பது நாளாகிறது என்றாள்.
பதிவேட்டைத் திறந்தேன். மூடினேன்.
"வச்சுக்கணுமா?" என்று கேட்டேன்.
இருபத்திரண்டு வருட வேலையில்
என் வாய்க்குப் பழகாத வார்த்தை.

அவள் கதவைப் பார்த்தாள்.
எழுந்து சாத்தினேன்.
மின்விசிறி சுற்றியது.
வெளியே யாரோ சொட்டுமருந்துக்குப் பிள்ளையோடு காத்திருந்தார்கள்.

தலையை ஆட்டினாள், இல்லையென்று.

காலையில் ஆறு பத்துக்கு ஒரு பஸ்,
நானும் வருகிறேன் என்றேன்.
"கையெழுத்துக் கேப்பாகளே?"
உனக்குப் போடத் தெரியுமா?
வெட்டுப்பட்ட விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள்.
"பேரு மட்டும் எழுதுவேன்."